மின்னலின் வலது கை

சோற்றுக்கே வழியில்லாதவன் பிள்ளை பெறலாமா என்று கேட்கிறவரா நீங்கள்? மின்னலின் கை போன கதையைக் கேட்டுவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

மின்னல் என்பது பட்டறை வைத்த பெயர். தகரத்தில் மூடி வெட்டும் பிரஸ் மெஷினில் அவன் வேகத்துக்கு ஆள் கிடையாது. மெஷினின் இரண்டு பக்கமும் இரண்டு பித்தான்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கைகள் இரண்டும் வெளியே இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் கூலி மூடிக்கு இவ்வளவு என்பதால், ஆட்கள் ஒரு பித்தானில் மரச்சில்லைச் செருகி அமுக்கிவிட்டு, மிச்சமான கையால் தகரத்தைத் தள்ளிக்கொண்டேயிருப்பார்கள். முதலாளி தினமும் அதைப் பார்ப்பார். கேட்டால் பார்த்ததில்லை என்பார். சில்லே வைக்காமல் ஓட்டியவன் மின்னல் ஒருவன்தான்.

அவன் மனைவிக்கு இரண்டாவது கரு தங்கியது.

"வேணாம்னு சொல்லிடலாமா?" என்றான்.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்டா" என்றாள் அவன் அம்மா.

"ஊத்துறவருக்கு நம்ம வீட்டு அட்ரஸ் தெரியாது அத்தே" என்றாள் மனைவி. அவனிடம் திரும்பினாள். "எனக்கு இது வேணும். ஆனா ஆண்டவனை நம்பிப் பெத்துக்க மாட்டேன். உங்களால முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க."

"முடியும்."

மறுநாள் அவனும் சில்லைச் செருகினான்.

கொஞ்ச காலம் கையில் காசு புரண்டது. பிறகு ஒருநாள் தகரம் சிக்கியது. எடுக்க வலது கை உள்ளே போனது. இடது கை, பழக்கத்தில், பித்தானை அழுத்திவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் பட்டறை இரைச்சலையும் மீறிக் கேட்டது. விரல்கள் மூடிகளோடு சேர்ந்து தட்டில் விழுந்தன. ஓடிவந்த சூப்பர்வைசர் முதலில் சில்லைப் பிடுங்கித் தன் பையில் போட்டார். அப்புறம்தான் வண்டிக்குச் சொன்னார்.

நஷ்டஈடு கேட்டு, பட்டறையில் முதலாளி முன் வயிறும் பிள்ளையுமாக வந்து நின்றாள் மனைவி.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அவனுக்குத்தான் கவனமில்ல. சோத்துக்கே தாளம் போடுறவங்களுக்கு எதுக்கும்மா இன்னொண்ணு?" என்றார் முதலாளி.

அவள் பிள்ளையை ஓரமாக நிறுத்தினாள். கிடந்த ஸ்பேனரை எடுத்தாள். மெஷின் மெஷினாகப் போய்ச் சில்லுகளை அடித்துப் பெயர்த்தாள். பட்டறை நின்றது.

யாராவது கைதட்டினார்களா? மின்னலைத் தோளில் தூக்கி வண்டியேற்றிய பக்கத்து மெஷின்காரனே அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். "எங்க பொழைப்புல மண்ணைப் போடாதே!"

ஒரு கையால் வயிற்றை மறைத்துக்கொண்டு, ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் போட்டாள். "இந்தக் கை போனா உம் பொண்டாட்டியும் இங்கதான் வந்து நிப்பா அண்ணே!"

"எனக்கும் பிள்ளைங்க இருக்கும்மா!" என்று அலறினான் அவன். ரத்தம் வழியும் கையாலேயே சில்லை மறுபடி செருகினான். மெஷின்கள் ஓடத் தொடங்கின.

மின்னலுக்குப் பொறுப்பில்லையா? இருக்கிறது. சொன்ன சொல்லுக்கு விரல்களைக் கொடுத்தான். அவன் வேகத்தில் வீடு கட்டிய முதலாளிக்கு நகம்கூட உடையவில்லை.

உங்கள் தெருக்கோடியிலும் தகரம் அதிரும் பட்டறை ஒன்று இருக்கும். உள்ளே போங்கள். சில்லைப் பிடுங்கினால் அந்த ஏழைகளே உங்களை அடிப்பார்கள். அதனால் நேரே முதலாளியின் அறைக்குப் போங்கள். சில்லில்லாமல் ஓட்டினாலும் ஒரு குடும்பம் சாப்பிடுகிற கூலியைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவையே கூட்டிக்கொண்டு போங்கள்.