வெந்துபோன தடுப்பு மருந்து

என் மருமகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் அவள் வளர்த்த மீன்கள் அத்தனையும் செத்திருக்கலாம்.

இண்டூர் பக்கம் எங்கள் நிலத்துக் குட்டையில் மருமகள் செல்வி திலேப்பியா மீன் வளர்க்கிறாள். போன முறை வைரஸ் நோய் வந்து எல்லாம் செத்து மிதந்தன. இம்முறை ஓர் ஆராய்ச்சிக் குழு, தீவனத்தில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைச் சோதனைக்காகத் தந்தது. "சூடு படாமக் கலந்து போட்டுடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் கடத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும், மீன்கள் ஆசையாகத் தின்னட்டும் என்று ஆவி பறக்கும் கேழ்வரகுக் களியில் மருந்தைப் பிசைந்து உருட்டிப் போட்டேன். சுட்ட கையைத் தண்ணீரில் நனைத்தபோதுதான் மருந்தும் வெந்துபோயிருக்கும் என்பது உறைத்தது.

திரும்பி வந்தவள், "போட்டுட்டீங்களா மாமா?" என்றாள். மருந்து வெந்ததை மறைத்து, "போட்டாச்சும்மா" என்றேன்.

பக்கத்துக் குட்டையில் மீன்கள் சாகத் தொடங்கியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மீனுக்குக் களியா போட்டீங்க? தொட்டுக்கக் கருவாட்டுக் கொழம்பு ஊத்தலைங்களா?" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறுநாளே தருமபுரிக்குப் போய்க் குழுவினரிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, மறுபடி மருந்து வாங்கினேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, "குச்சி ஐஸ் எவ்ளோங்க?" என்று ஓர் அம்மா கேட்டார்.

மீன்கள் பிழைத்தன. மருந்தாலா, அதிர்ஷ்டத்தாலா, எனக்குத் தெரியாது. இப்போதும் மருந்து கலப்பது நான்தான். தீவனத்தைச் செல்வி தொட்டுப் பார்த்து, "ம், இப்பக் கலக்குங்க மாமா" என்று சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.