‘கெர்ன’ என்று சொல்லிவிட்டேன்

ஹனோவரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், ஒரு மழை நாளில் வந்தது. ஆலோசகர் நல்ல மனிதர்தான். “உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்றுதான் தொடங்கினார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் பரீட்சைப் பெறுபேறு வந்தால் “என்ன கிடைச்சது?” என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கிடைத்தது. பிறகு அது பிடித்தும் போனது. ஆய்வுகூடத்தில் குழாயிலிருந்து கடைசித் துளி விழுந்ததும் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு பரவுமே, அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் சொன்னேன்.

அவர் சிரித்தார். ஆய்வுகூட உதவியாளருக்கான இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, ஆனால் படிக்கும் காலத்தில் சம்பளமில்லை, என் மொழியும் போதாது என்றார். முதியோர் பராமரிப்பு என்றால் பயிற்சியின் முதல் மாதத்திலிருந்தே சம்பளம், முடித்ததும் நிச்சயம் வேலை.

“அப்படி ஒரு பயிற்சியை நீங்கள் யோசித்துப் பார்ப்பீர்களா?”

“கெர்ன” என்றேன்.

மொழி வகுப்பில் சொல்லித் தந்தது அது. தேநீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் ஆம் என்பதற்கு வெறுமனே ‘யா’ என்று சொல்லாதீர்கள், ‘கெர்ன’ என்பதுதான் மரியாதை என்றார்கள். ‘விருப்பத்தோடு’ என்பது அதன் பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அதைக் கும்பிடு போடுவதுபோலத்தான் சொல்லிப் பழகியிருந்தேன். ஆலோசகர் அதை என் விருப்பமாகவே கணினியில் பதிந்துவிட்டார்.

வீட்டில் கணவர் கேட்டார். “ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டீரோ?”

“நான் ஓமெண்டு சொல்லேல்லை. கெர்ன எண்டுதான் சொன்னனான்.”

“அடி சக்கை! அது ஓமுக்கு மேல ஓம் எல்லோ!”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “பிடிக்காட்டி வேண்டாமெண்டு சொல்லும். நான் சமாளிப்பன்.” பொதிகள் தூக்கும் வேலை அவருக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் சில நாட்கள் வேலை செய்து பார்க்கச் சொன்னார்கள். இவளுக்கு ஏலாது என்று அவர்களே சொல்லிவிட வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டுதான் போனேன். அங்கே ஒரு மூதாட்டி யாரையும் தன் தலைமுடியைத் தொட விடமாட்டார். நான் சீப்பை எடுத்ததும் தானே தலையைச் சாய்த்துத் தந்தார். பிரிவின் பொறுப்பாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “உங்களுக்கு நல்ல கை” என்றார். சம்பளமும் கையும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. மற்றப் பக்கத்தில் என் ஆசை மட்டும் நின்றது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்னவென்று வாதாடுவது?

அந்த ஞாயிறு சமைக்கும்போது சிவப்பு முட்டைக்கோவா அவித்த ஊதா நீரைக் கொட்டப் போனவள், கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்தேன். நீர் பளீரென்று இளஞ்சிவப்பானது. கதிரையில் ஏறி நின்ற மகள் வாயைப் பிளந்தாள்.

“அம்மா, இதுவோ உங்கட புது வேலை?”

“இல்லையம்மா. இது சும்மா.”

“அப்ப திரும்பச் செய்யுங்கோ.”

எலுமிச்சை தீரும்வரை செய்தேன். இரண்டு வருடம் சம்பளமில்லாமல் படிப்பது அவளிடமிருந்து எதையாவது பறிப்பதாகுமா? அல்லது, விரும்பாத வேலையிலிருந்து களைத்து வரும் அம்மாவைக் கொடுப்பதுதான் பறிப்பதா?

ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போன நாளில் பொறுப்பாளர் கேட்டார். “காலைப் பணி சிறுவர் பள்ளி திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். உங்களுக்குச் சரிதானே?”

மகளைக் கணவர் கொண்டுபோய் விடுவார் என்று முதலே பேசி வைத்திருந்தோம். நாக்கு நுனிக்கு வந்த ‘கெர்ன’வை விழுங்கிக்கொண்டேன்.

“யா” என்றேன்.

அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பேனையை என் பக்கம் தள்ளினார்.