தட்டில் ஈரம் இல்லை

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் என்பதை அவர் சொல்லாமல் விட்ட நாளை நான் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவாட்டர்ஸ் பக்கத்து அம்மன் கோவிலுக்கும் அவர்தான் செயலாளர். அம்மனுக்கே உத்தரவு போட வந்தவர் போலத்தான் உள்ளே நுழைவார்.

ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்கு வெகு நாள் முன்னதாகவே கற்பூரம் வாங்கி வந்தார். கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு இறுக்கி மூடுவது எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன்.

"மிளகு எதுக்கு, ரசம் வைக்கவா? படிக்காத ஜனங்க பண்ற கூத்து" என்று மிளகை முற்றத்தில் வீசினார். கற்பூரத்தைப் பித்தளைத் தட்டில் கோபுரமாக அடுக்கி, கோவில் அறையில் கம்பிவலைக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிறவர்கள் செயலாளரின் உபயத்தைப் பார்க்க வேண்டாமா? சாவி அவர் இடுப்பில். மிளகு காப்பாற்றியிருக்குமோ என்னவோ, மூடி நிச்சயம் காப்பாற்றியிருக்கும்.

திருவிழாவுக்கு முன் திறந்தபோது கோபுரம் குட்டிச்சுவராகிக் கிடந்தது. அறை முழுக்கக் கற்பூர வாசனை. காணாமல் போன பொருளை மூக்கால் இழுத்துக்கொண்டே, "எவ திருடினது?" என்று கத்தினார்.

மாட்டிக்கொண்டவர் கோவிலைப் பெருக்கிக் கோலம் போடும் அக்கா. தண்டவாளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். கிள்ளானில் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த நேரம். திருடி என்ற ஒரு சொல் ரயிலேறினால் போதும், கல்யாணம் நின்றுவிடும்.

"சாவி உங்ககிட்டதானே ஐயா இருக்கு?" என்றார் அக்கா.

"கற்பூரம் காத்தோட போயிருக்கும்" என்று பூசாரியும் இழுத்தார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஐஸ் கட்டி என்னாகும்? தண்ணியாகும். அந்தத் தண்ணிதான் அப்புறம் ஆவியாகும். தண்ணியாகாம எதுவும் ஆவியாகாது, இது சயின்ஸ். தட்டைத் தொட்டுப் பாரு லா, ஒரு சொட்டு ஈரம் இருக்கா?"

ஈரம் இல்லை. ஆகவே அக்கா திருடி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய சுரைக்காய் ஒரு குடும்பத்தையே கெடுக்கப் பார்த்தது.

கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொன்னார். அக்கா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை கொப்பளித்துவிட்டது.

"சரி, அம்மன் மன்னிச்சுட்டா. நாமளும் மன்னிச்சுடுவோம்" என்றார் இவர். மன்னிப்பாம்!

எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏங்க, மிச்சக் கற்பூரத்தை இதே தட்டோட, இதே அலமாரியோட நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிடுவோம். சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும். அக்கா நம்ம படி ஏற மாட்டாங்க. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

சபையில் கேட்டதை மறுக்க முடியவில்லை. திருவிழாவுக்குத் தேவையான கற்பூரத்தை ஊர்க்காரர்களே வாங்கி வந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். கிள்ளான் சம்பந்தியம்மாளையும் வரவழைத்தேன். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார்.

இவர் பூட்டைத் திறந்தார். வெறும் தட்டு. தடவிப் பார்த்தார், தூக்கி அடியிலும் பார்த்தார். ஈரம் இல்லை. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த வீட்டுலயும் ஒரு திருடி இருக்கா."

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், சிரிப்பு அடங்கவில்லை. நேரே வாசலுக்குப் போய் அக்காவின் காய்ந்த கொப்புளத்தைத் தடவி, "கல்யாணத்துக்கு நாள் பார்த்துடுவோம்" என்றார்.

நான் இவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினேன்.

"கொளுத்துங்க. நானும் அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

கொளுத்துவதற்கு அவரிடம் கற்பூரம் இல்லை.