அம்மா குதிரையேறிய குளிர்காலம்

குளிர்காலக் காலையில் குதிரையின் மூக்குக்கு நேராக உள்ளங்கையை நீட்டினால், கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடித்ததுபோல ஒரு வெதுவெதுப்பு வந்து கையில் உட்காரும். பச்சைத் தழையும் பேரீச்சம்பழமும் கலந்த வாசம் அந்த மூச்சில் இருக்கும். பதினோரு வயதில் நான் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் கையுறை போட்டதில்லை. ஏழு குதிரைகள் இருந்தன, ஒவ்வொன்றிடமும் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தால் போதும்.

எமிரேட்ஸில் குளிரா என்று ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். நாங்கள் இருந்தது நாட்டின் வடகோடியில், ராஸ் அல் கைமாவுக்கு அப்பால், மொட்டை மலைகளின் அடிவாரத்தில். டிசம்பர் பிறந்தால் மலையிலிருந்து இறங்கும் காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடும். நான் சொல்லும் அந்த வருடம் மலையுச்சியில் பனியே விழுந்தது. ஜீப்புகளில் ஏறிப் போய் ஆட்கள் அதை வாளியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். உள்ளூர் அரபி ஒருவரின் குதிரை லாயத்தில் வேலை. முதலாளியை வேலையாட்கள் 'அர்பாப்' என்று சொல்வதைக் கேட்டு நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். லாயத்தின் வளாகத்திலேயே எங்களுக்கு இரண்டு அறை வீடு. அம்மாவுக்கு அந்தியூர்ப் பக்கம். ஆடிமாதக் குதிரைச் சந்தையை வருடாவருடம் வேடிக்கை பார்த்து வளர்ந்தவள் என்றாலும், குதிரையைத் தொட்டவள் இல்லை. கல்ஃபுக்கு வந்த முதல் வருடம் முழுக்கச் சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். "துணியெல்லாம் சாணி நாத்தமுங்க, சோத்துல கூட அடிக்குது" என்பாள். அப்பா சிரித்துக்கொள்வார்.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு 'சாயிஸ்'கள் இருந்தார்கள். ஒருவர் ராஜஸ்தான்காரர், மற்றவர் முதுகுளத்தூர் முருகேசண்ணன். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ராஜஸ்தான்காரர் 'லீவு'க்குப் போன இடத்தில் மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். புது ஆளுக்கு விசா வர மாதக்கணக்காகும். குதிரையை நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் கால் வீங்கும், வயிறு கட்டிக்கொள்ளும். தினம் ஒரு மணி நேரமாவது நடக்கவோ ஓடவோ வேண்டும். அப்பாவும் முருகேசண்ணனும் விடியலிலிருந்து மாறிமாறி ஏறியும் இரண்டு குதிரைகள் எப்போதும் மிச்சமாகவே நின்றன.

அப்படி மிச்சமாக நின்றவற்றில் ஒன்று ரீம். வெண்சாம்பல் நிறப் பெண்குதிரை, வயதானவள், அவசரம் இல்லாதவள். ஒருநாள் டீ கொடுக்கப் போன அம்மா, தலையைத் தொங்கப்போட்டு நின்ற ரீமைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்ளர்களைத் திண்டில் வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவள்போல வளாகத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாளும் போனாள். நாலைந்து நாள் கழித்து இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நான் மேல ஏறுனா அவ கோவிச்சுக்குவாளா?"

அப்பா தட்டிலிருந்து கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். "அவ கோவிச்சுக்க மாட்டா. நீ விழுந்துட்டு என்ற மேல கோவிச்சுக்கக் கூடாது."

அம்மா விழுந்தாள், பலமுறை விழுந்தாள். அப்பாவின் பழைய கால்சட்டை, அதன்மேல் சுடிதார் டாப், தலையில் மாமா அனுப்பிய குரங்குக் குல்லாய், அதற்கும் மேல் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் அவள் மணலில் உருண்டு எழும்போதெல்லாம் முருகேசண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் ஒருமுறைகூட அழவில்லை. முழங்கையைத் தட்டிக்கொண்டு, "மறுக்கா புடிங்க" என்பாள். அவளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, 'தமர்' என்ற குட்டையான செம்பழுப்புக் குதிரையில் நானும் பழகினேன். ஆனால் எங்கள் இருவரில் நன்றாக ஏறியது அவள்தான். ஜனவரிக்குள் ரீம் அவளுக்குக் கீழே மெல்லோட்டத்தில் போகும் சத்தம் கேட்டே, வருவது அம்மா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

குளிரோடு அவளுக்கு ஒரு தனிச் சண்டை இருந்தது. குளிர் குதிரையை ஒன்றும் செய்யாது, ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் ஆபத்து என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் பழைய பஞ்சு ரஜாய்களைப் பிரித்து, மேலே தார்ப்பாய் வைத்துத் தைத்து, ஏழு குதிரைகளுக்கும் போர்வை செய்தாள். தொட்டித் தண்ணீர் பனிக்கட்டிபோல இருக்கிறதென்று வெந்நீர் காய்ச்சி விளாவினாள். வாசல் ஓரத்து ஜத் என்ற தீவனப் பயிர்ப் பாத்தியை, ஊர்ப் பெயரில் "குதிரைமசால்" என்று சொல்லியே, தானே அறுத்துப் போட்டாள். சமையலறை ஜன்னல் இப்போது திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமைகளில் டவுனில் யாராவது ஒருவர் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடுவோம். செய்தி அங்கே எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "டாக்டருக்கு ஆள் பத்தலைன்னா பொண்டாட்டியையா குதிரை மேய்க்க விடுவாரு?" என்று ஒரு அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்னொருத்தி அம்மாவுக்கு 'குதிரைக்காரி' என்று பெயரே வைத்துவிட்டாள். மறுநாள் விடியலில் அம்மா வழக்கத்தைவிட முன்னால் சேணம் கட்டப் போனாள்.

பனி விழுந்ததற்கு அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாள். அபுதாபியில் பந்தயம் என்று அர்பாபும் அப்பாவும் மூன்று குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார்கள். லாயத்தில் நான்கு குதிரைகள்: ரீம், தமர், நிறைசினையாக இருந்த ஒரு கபிலநிறத் தாய்க்குதிரை, 'பர்க்' என்ற முரட்டு இளங்குதிரை. ஆட்கள் மூன்று பேர்: அம்மா, நான், முருகேசண்ணன்.

காலையிலிருந்தே மலைமேல் கறுப்பாக இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் தூறல்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மலைப்பாதையிலிருந்து ஒரு பிக்கப் வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கிவந்தது. ஓட்டிவந்த அரபி ஜன்னலில் தலையை நீட்டி, "வாதி! வாதி! யல்லா, யல்லா!" என்று கத்திவிட்டு நிற்காமல் போனார். வாதி என்பது மலையிலிருந்து வரும் காட்டாறு. வருடம் முழுக்கக் கூழாங்கல்லாகக் கிடக்கும். வந்தால் ஒரே மூச்சில் வரும். எங்கள் லாயம் அதன் கரையில், பள்ளத்தில் இருந்தது. பின்னால் செங்குத்துப் பாறை. வெளியேற ஒரே வழிதான்: வாதியைக் குறுக்கே கடந்து, மேட்டில் இருந்த நெடுஞ்சாலைக்குப் போகும் மண்பாதை.

முருகேசண்ணன் வெளிறிப்போனார். "கதவத் தொறந்து விட்ருவோம்க்கா. அதுக எப்பிடியும் பொழச்சுக்கும். நாம ஓடிருவோம்."

"அவுத்து உட்டா மறுக்கா லாயத்துக்குத்தான் ஓடியாருமுங்க தம்பி," என்றாள் அம்மா. "பயந்தா ஊட்டுக்குத்தான வரும்? ஆளுக்கொன்னு புடிச்சுக்குவோம். பர்க்கு உங்களுக்குத்தான் அடங்குவான். கண்ணு, நீ தமர் மேல ஏறு."

சேணம் கட்ட நேரமில்லை. அம்மா ரீமின் வெறும் முதுகில், திண்டில் கால் வைத்து ஏறினாள். சினைக்குதிரையின் கயிற்றை வலக்கையில் சுற்றிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போதே மலைப்பக்கம் லாரி லாரியாகக் கல் கொட்டுவதுபோல இரைச்சல் கேட்டது. பாதையின் பள்ளத்தில் அதற்குள் செம்மண் நிறத் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. முருகேசண்ணன், திமிறிய பர்க்கின் கண்ணைத் தன் சட்டையைக் கழற்றிக் கட்டி, இழுத்துக்கொண்டு முதலில் இறங்கினார். நான் தமரின் பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தால், அம்மா இன்னும் அந்தப் பக்கமே நின்றாள்.

சினைக்குதிரை தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று பின்வாங்கியது. கயிறு இழுபட்டு அம்மா ரீமின் முதுகில் ஒருபக்கமாகச் சரிந்தாள். தண்ணீர் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. நான் "அம்மா, விட்ரும்மா!" என்று கத்தினேன். அவள் விடவில்லை. சரிந்த உடம்பை நிமிர்த்தி, ரீமை ஒரு சுற்றுச் சுற்றி, சினைக்குதிரையின் தலை ரீமின் விலாவில் ஒட்டும்படி கொண்டுவந்தாள். அவள் குரல் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. பிரசவ வலி வந்த தங்கையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தாள். "வா சாமி. ஒண்ணுமில்ல சாமி. அக்கா கூட வா."

ரீம் இறங்கினாள். அவளை ஒட்டி மற்றதும் இறங்கியது. நடுவில் தண்ணீர் ரீமின் வயிற்றைத் தொட்டது. அம்மாவின் கால்கள் மறைந்தன. ஒரு கணம் இரண்டு குதிரைகளும் பக்கவாட்டில் நகர்ந்ததைப் பார்த்தேன். பிறகு ரீமின் தோள் மேலே எழும்பியது, குளம்பு கல்லைப் பிடித்தது, இரண்டும் ஒன்றாகக் கரையேறின. நாங்கள் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மண்பாதை காணாமல் போனது. லாயத்தின் முன்சுவர் அப்படியே மடிந்து தண்ணீரில் படுத்தது.

நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்கில் கார்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசைக்கு நடுவே, குரங்குக் குல்லாயும் நனைந்த சுடிதாருமாக, வெறும் முதுகில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சினைக்குதிரையோடு அம்மா நுழைந்தாள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பங்கில் வேலை பார்த்த மலையாளிப் பையன்கள் கார் துடைக்கும் துணியையெல்லாம் கொண்டுவந்து குதிரைகளைத் துவட்டினார்கள். "சேச்சி, சாயா" என்று ஒருவன் நீட்டிய டம்ளரை வாங்கக்கூட அவள் கை விரியவில்லை. கயிற்றை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சாயங்காலம் அப்பாவும் அர்பாபும் வந்து இறங்கினார்கள். அப்பா என்னைக் கட்டிக்கொண்டு, நான்கு குதிரைகளின் கால்களையும் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையை விரித்துக் கயிறு அறுத்த காயத்தில் மருந்து தடவினார். "அது குதிரைக்குப் போடறதில்லீங்க?" என்றாள் அம்மா. "குதிரைக்காரிக்கு அதுதான்" என்றார் அப்பா. அன்று முழுக்க அழாதவள் அதற்குச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதுவரை அவளை 'மதாம்' என்று மட்டுமே அழைத்துவந்த அர்பாப் அன்று "உம் மதி" என்றார். மதியின் தாயே என்று அர்த்தம்; மதி நான்தான். தங்கள் வீட்டுப் பெண்களை அவர்கள் மரியாதையாக அழைப்பது அப்படித்தான். குட்டி பிறந்ததும் அதற்குப் பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்றார். மார்ச்சில் பெண்குட்டி பிறந்தது. அம்மா யோசிக்கவே இல்லை. 'பவானி' என்றாள். புதிதாகக் கட்டிய லாயத்தின் கதவில் அந்தப் பெயரை அர்பாப் அரபியில் எழுதச் சொன்னார். கீழே தமிழில் நான் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை டவுன் அத்தைகள் எல்லோரும் குட்டியைப் பார்க்க வந்தார்கள். 'குதிரைக்காரி' என்று பெயர் வைத்தவளே அம்மாவிடம் தன் மகளைத் தள்ளிவிட்டு, "இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்றாள்.

போன டிசம்பரில் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். லாயம் இல்லை. அர்பாப் காலமாகி, பிள்ளைகள் குதிரைகளை விற்றுவிட்டார்கள். பெரிய கிடங்கு ஒன்று நிற்கிறது. மண்பாதை ஆறுவழிச் சாலை ஆகிவிட்டது. ஈரோட்டில் இருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கிடங்கைப் பார்க்கவே இல்லை.

"மலை மேல மேகமிருக்குதா கண்ணு?"

"இருக்குதும்மா. மேல அணை கட்டிட்டாங்க. இப்பெல்லாம் தண்ணி வர்றதில்ல."

"கட்டட்டும். நீ வண்டிய மேட்டுல நிறுத்து."

நிறுத்தினேன்.