தட்டைப் படப்பும் துருவத்துப் பனியும்

உக்கிரபாண்டியைப் பற்றி ஊரில் கேட்டால், பங்காளி கையை வெட்டினவன் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். அதைக் கிளறிவிட்ட பாவி நான். மதுரை ஜெயிலில் நாலு வருஷத்துக்கு மேல் நாங்கள் ஒரே கொட்டடி. நான் உள்ளே போனது அடிதடி கேஸில். படிக்கத் தெரிந்தவன் என்பதால் மற்றவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே அவனுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, ஓர் உழவு ஜோடி, ஒரு கிழட்டுப் பசு. எழுபத்தாறில் அவன் களத்துக்கு அடுத்தாற்போல், பழங்காநத்தத்து முதலாளி ஒருவர் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் உலை போட்டார். புகை தொண்டையைக் கமறும். இருமிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

எழுபத்தெட்டு மாசியில் உழவு மாடுகள் இரண்டும், அவனுடைய சித்தப்பா மகன் விருமாண்டியின் பருத்திக்குள் இறங்கி மேய்ந்துவிட்டன. விருமாண்டி வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைசியில், "ஒன் மாட்டுக்குக் கண்ணு அவிஞ்சு போகும்" என்றும் சொல்லிவிட்டான். பத்தே நாளில் அவிந்து போயிற்று. மாடுகள் பல்லை நறநறவென்று கடித்தன, நுரை தள்ளின, சுற்றிச் சுற்றி வந்து சுவரில் முட்டின. கொம்பு ஒடிந்து ரத்தம் வழிந்தும் முட்டுவதை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் செத்தன. கிழட்டுப் பசு மட்டும் அசை போட்டுக்கொண்டு நின்றது.

அந்தப் பசு நின்றதுதான் அவன் புத்தியைக் கெடுத்தது. நோய் என்றால் மூன்றுக்கும் வந்திருக்குமே? நல்ல மாடு இரண்டை மட்டும் பார்த்துச் சாகடிக்க வேண்டுமென்றால், வயிற்றெரிச்சல் பிடித்தவன் எவனோ விஷம் வைத்திருக்க வேண்டும். ஊரும் அதையே சொன்னது. எங்கள் பக்கத்தில் பங்காளி ஒருவன் உயிரோடு இருக்கும்போது யாரும் வேறு காரணம் தேட மாட்டோம்.

அவன் அரிவாளோடு நுழைந்தபோது விருமாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு வந்த வெட்டைத் தடுக்கச் சோற்றுக்கையைத் தூக்கினான். கை பாதி அறுந்து தொங்கியது. "நான் வைக்கலண்ணே" என்றான். இரண்டாவது வெட்டில் கை சோற்றுக் கும்பாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. மூன்றாவது கழுத்துக்குப் போயிருக்கும். விருமாண்டியின் பெண்டாட்டி அன்னக்கொடி குறுக்கே விழுந்து உக்கிரபாண்டியின் காலைக் கடித்துத் தொங்கியதால் தப்பியது. ஜெயிலில் இதை எங்களிடம் பெருமையாகவே சொல்வான். நாங்களும் வெட்கமில்லாமல் கேட்போம்.

எண்பத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு கட்டுரை வந்திருந்தது. துருவத்துப் பக்கம் விழுகிற பனி உருகாமல், வருஷத்துக்கு ஓர் அடுக்காகப் படிகிறதாம். குழாய் இறக்கி அதைத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடியில் உள்ள பழைய பனியில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். மேலே வர வர ஏறிக்கொண்டே போகிறது. எங்கோ ஆலையிலும் காரிலும் கிளம்பிய புகை அத்தனை தூரம் பறந்து அங்கே இறங்கியிருக்கிறது. நான் சும்மா பொழுதுபோக்குக்கு வாசித்தேன். உக்கிரபாண்டி திரும்ப வாசிக்கச் சொன்னான். மூன்றாவது முறை வாசித்தபோது அவன் முகம் வெளிறிவிட்டது.

"எங்க படப்பும் இப்படித்தாண்ணே" என்றான்.

மாட்டுத் தீவனத்துக்காகக் களத்தில் போர் போட்டு வைத்திருந்த அவனுடைய சோளத்தட்டைப் படப்பில், உலை வருவதற்கு முன்பு அறுத்த தட்டை அடியில் கிடந்தது. உலை வந்த பிறகு அறுத்தது மேலே ஏறியது. உழைக்கிற மாடு என்று உழவு ஜோடிக்கு மேலே ஏறிப் புதுத் தட்டையாக எடுத்துப் போடுவான். கறவை வற்றிய பசுதானே என்று கிழட்டுக்கு அடியிலிருந்து பழசை உருவிப் போடுவான்.

"ஆளே இல்லாத பனியில போயி உக்காருற ஈயம், உலைக்குப் பக்கத்துல கெடந்த என் தட்டையில உக்காராதா?" என்று கேட்டவன், எழுந்து போய்க் கொட்டடிச் சுவரில் மடேர் மடேரென்று தலையை மோதினான். அவன் மாடுகள் முட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும். நாலு வார்டர்கள் சேர்ந்து அவனைக் கட்டிப்போட்டார்கள்.

எண்பத்து மூன்றில் விடுதலையானான். ஆறு மாதம் முன்பே வெளியே வந்துவிட்ட நான்தான் ஊருக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே உலைக்கு நடந்தான். அங்கே ஈயம் கிண்டிக்கொண்டு நின்றவன் விருமாண்டி. ஒற்றைக் கையனுக்கு ஏர் பிடிக்க முடியாது, உலைக்காரன் மட்டுமே வேலை கொடுத்தான்.

உக்கிரபாண்டி தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். விருமாண்டி முழுசாகக் கேட்டுவிட்டு, நீளக் கரண்டியை இடது கையால் வீசி அவன் மண்டையில் அடித்தான். அவன் நகரவில்லை. இரண்டாவது அடியில் காது கிழிந்தது. மூன்றாவது அடிக்குக் கை எழும்பவில்லை. கரண்டி நழுவி விழுந்தது, மணிக்கட்டு துவண்டு தொங்கியது. சில மாதமாகவே அப்படித்தானாம், ஈயம் நரம்புக்குள் இறங்கிவிட்டது. வயிற்றுவலியும் உண்டு, ஈறெல்லாம் கறுத்திருந்தது.

உக்கிரபாண்டி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு அவன் செய்ததைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஓங்கி ஓங்கிக் குத்தி உலையைப் பெயர்த்தான். கொதிக்கும் ஈயம் அவன் பாதத்தில் கொட்டியது, சதை வெந்து நாறியது, அப்போதும் குத்தினான். உலை ஆட்கள் ஓடிவந்து கட்டையால் அடித்து இரண்டு விலா எலும்பை ஒடித்தார்கள். எட்டு மாதம் மறுபடி உள்ளே போனான். முதலாளி உலையைப் பேரையூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டார். அங்கே யார் மாடு செத்ததோ, யார் கை விழுந்ததோ.

திரும்பி வந்தவன் நொண்டிக்கொண்டே விருமாண்டி வீட்டுக்குப் போனான். அன்னக்கொடி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வழியை மறித்தாள். நாலைந்து நாள் அதே கதைதான். ஆனால் அவள் களையெடுக்கப் போனால் புருஷனுக்கு மத்தியானச் சோறு ஊட்ட ஆள் கிடையாது. ஒரு நாள் சட்டியை வாசலில் வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் காட்டுக்குப் போனாள்.

மூன்று வருஷமாக அவன்தான் ஊட்டுகிறான். விருமாண்டி வாயைத் திறப்பான், தின்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். போன மாசம் நான் பார்க்கப் போயிருந்தபோதுதான் முதல் தடவையாகப் பேசினான்.

"அந்தக் கெழட்டுப் பசு அன்னைக்கு நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு? அது எதத் திங்குதுன்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்லண்ணே" என்றான்.

உக்கிரபாண்டி அடுத்த கவளத்தை உருட்டினான்.