கோட்டைக்கு ஒரு அகல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வீட்டு மாடி அறையில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு அம்மா குடியிருந்தார். ஆசிரமத்துக்காகத் திருவண்ணாமலை வந்தவர். ஆனால் அவர் சுவரில் சாமி படம் கிடையாது. இடிந்த கோட்டை ஒன்றின் படம்தான் மாட்டியிருந்தது. அதன் கதையைக் கேட்கும் பாக்கியம் கான்வென்ட்டில் படித்த என் பெரியப்பா மகளுக்கு வாய்த்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் தாங்க்யூவோடு சரி. சாயங்காலமானால் அக்கா அந்த அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள், நான் படிக்கட்டில். அவள் மனது வைத்தால் எனக்கு ஒரு வரி தமிழில் வரும். அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடலோரப் பாறைமேல் இருந்த அந்தக் கோட்டை பல நூறு வருஷப் பழசு. எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது, அவர்கள் கைக்குப் போகக் கூடாதென்று அதன் பிரபுவே தீவைத்துவிட்டுப் படகேறிப் போய்விட்டாராம். அப்புறம் அங்கே யாரும் விளக்கேற்றவில்லை. ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் பூர்வீக வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் உண்டு.

பழைய கல் கட்டடம் என்றால் கோயில்தான் என்பது என் அம்மாவின் முடிவு. "கோயில் கல்ல எடுத்தாந்து வீடு கட்டுனா அந்தக் குடும்பம் வெளங்குமா?" என்றாள். அக்கா இதை இங்கிலீஷில் என்னவென்று சொன்னாளோ, அந்த அம்மா பூரித்துப்போய் என் அம்மாவைக் கும்பிட்டார்.

எனக்குப் பிரபுவைத்தான் மிகவும் பிடித்தது. தனக்கில்லாதது எவனுக்கும் வேண்டாம் என்பதில் என்ன தப்பு?

கார்த்திகை தீபம் வந்தது. மலையில் தீபம் தெரிந்ததும் வீடு முழுக்க அகல் வைப்போம். கிணற்றடி, உரல், குப்பைமேடு, எதையும் விடமாட்டோம். அன்றைக்காவது அக்காவை முந்திவிட வேண்டும் எனக்கு. ஓர் அகலை மாடிக்குக் கொண்டுபோய்க் கோட்டைப் படத்தின் கீழே வைத்தேன். குப்பைமேட்டுக்கே உண்டென்றால் கோட்டைக்கு இல்லாமலா?

மொட்டைமாடியில் மலையைப் பார்த்துவிட்டு, பட்டுப்பாவாடை கட்டியிருந்த அக்காவோடு உள்ளே வந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அழுதபடியே நெடுநேரம் பேசினார். முதல்முறையாக எனக்கே எனக்கென்று பேசுகிறார். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னாக்கா சொல்றாங்க?"

அக்கா அகலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ணெ கொட்டிடாம பாத்துக்கோன்றாங்க."

 அகலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டேன்.

எண்ணெய்க்காக யாராவது அத்தனை அழுவார்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் வயிறெரிவது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பிரபுவை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட எனக்கு, அவர் அன்று என் எதிரிலேயே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றது மட்டும் தெரியவில்லை.