பானுமதி எண்ணிய நூறு அணுக்கள்

2023 ஜூன் 14, புதன்கிழமை. இட்லி விற்கும் நம்பிராஜன், மும்பையில் தாராவி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். தாதரில் நாகர்கோவில் வண்டி ஏறுவதற்கு முன்னால், ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ள மனைவி விஜயலட்சுமியோடு செம்பூர் லேபுக்கு வந்தார்.

அங்கே பதினெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவள் பானுமதி. மிஷின் எண்ணிச் சொன்ன பிறகும், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளணுக்களைத் தானே எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள்.

அவள் குடியிருக்கும் ஆண்டாப் ஹில்லில் காலையில் அவள் விழிப்பதே, நம்பிராஜன் சைக்கிளில் வந்து "இட்லீய்" என்று இழுக்கும் குரலுக்குத்தான். அந்தக் குரல் கம்மிப்போய், குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. ஆரம்ப நிலைதான், கதிர்வீச்சில் குணமாக நல்ல வாய்ப்பு என்றது ஆஸ்பத்திரி. ஆனால் போன வாரம் பானுமதி எண்ணியபோது, நூறில் நியூட்ரோஃபில் என்ற வகை எண்பத்தாறு, லிம்போசைட் என்ற வகை பன்னிரண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏழு. அந்த எண் கூடினால் தொண்டைப் புற்றுக்காரர்கள் தேறுவது கஷ்டம் என்று, ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்பிராஜனின் அக்கா மகன் போனில் படித்துச் சொல்லிவிட்டான்.

"ஏழாம்லா. வைத்தியம் போதும்மா. ஊர்லயே கெடந்துக்கிடுதேன்" என்றார் நம்பிராஜன்.

"அண்ணாச்சி, அது ஆயிரம் பேர வச்சுப் போட்ட கணக்கு. உங்க ஜாதகம் இல்ல."

"எண்ணுனது நீதான? நீ தப்பா எண்ணுவியா?"

மாட்டாள். அதுதான் அவளைக் குடைந்தது. ஆரம்ப நிலைக்கு இவ்வளவு ஏறுவானேன்? ரத்தம் எடுக்கும் முன் காய்ச்சல் உண்டா, பல்வலி உண்டா, மாத்திரை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டிருந்தாள். மூன்றுக்கும் இல்லை என்றார்.

அவர்கள் போய் வெகு நேரம் கழித்து விஜயலட்சுமி போன் செய்தாள். பின்னணியில் ரயில் சத்தம்.

"பானு, பெஞ்சு மேல ஒரு காகிதப் பொட்டலம் கெடக்கா? அது இல்லாட்டி இவுகளுக்கு மூச்சு முட்டும்."

கிடந்தது. பிரித்தால் பேர் எழுதாத வெள்ளைத் தூள்.

"என்னக்கா இது?"

"தெரு முக்கு தவாகானாவுல நாட்டு வைத்தியர் இடிச்சுக் குடுக்குறது. ரெண்டு மாசமாத் தேன்ல கொழச்சுத் திங்காக. கபத்துக்கு."

"நான் மாத்திரை உண்டான்னு கேட்டேனே!"

"அது மாத்திரையா? பொடில்லா! நல்ல பொடி, பசி எடுக்கு, மூஞ்சிகூட பூரி கணக்கா உப்பிட்டு."

உப்பிய முகம் என்றதும் பானுமதிக்குப் பளிச்சென்றது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும். அது உடம்பில் இருந்தால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். எண்ணியது சரி, அந்த ஏழில் புற்றின் பங்கு எவ்வளவு, பொடியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

"அக்கா, இப்ப எங்க இருக்கீங்க?"

"கல்யாண் வரப்போவுது."

"இறங்குங்க. பெட்டியோட இறங்குங்க."

"டிக்கெட்டு?"

"டிக்கெட் போனா போகட்டும். அந்தப் பொடியத் திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து. காலைல பொட்டலத்தோட நானே ஆஸ்பத்திரிக்கு வரேன். அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க, அந்த ஏழ நான் ஒத்துக்கல."

போனுக்குள் நம்பிராஜன் கரகரத்தார்: "எண்ணுனவளே ஒத்துக்கலையாம்ட்டி. எறங்கு."

பொடியில் இருந்தது ஸ்டீராய்டுதான் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். சில வாரம் கழித்து பானுமதி மறுபடி எண்ணினாள்: அறுபத்தாறு, இருபத்தெட்டு. இரண்டே கால் சொச்சம். இருமுறை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கதிர்வீச்சு தொடங்கியது, ஒருநாள் விடாமல் போய்வந்தார். முடிந்ததும், ஆறு மாதம் குரலை அலட்டக் கூடாது என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் தகவலே இல்லை.

அந்தப் பொட்டலம் கிடந்த நாள் முதல், ரத்தம் எடுக்கும் முன் அவள் கேட்கும் கேள்விகள் நான்கு. நான்காவது, "பொட்டலம் ஏதாவது?"

மறு வருஷம் அக்டோபரில், லேபில் இருந்தபோது வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது.

"பானு, திங்கக்கெழமை ஒந் தெருவுக்கு வாரேன். தூக்குச் சட்டிய எடுத்து வையி. தொண்டை எப்படி இருக்குன்னு நீயே கேட்டுக்கோ: இட்லீய்!"